மந்தமான நேரத்தில் உட்லண்ட்சில் மளிகைக் கடை: இப்போதே எடுக்கலாமா, பொறுக்கலாமா?

வடக்குவாசி:

எல்லாருக்கும் வணக்கம். சிங்கப்பூரின் வடக்கே உட்லண்ட்சில் வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழகம்) புளோக் ஒன்றின் கீழ்த்தளத்தில் 420 சதுர அடிக் கடை நாலு மாதமாகப் பூட்டிக் கிடக்கிறது. தனியார் உரிமையாளர். முன்பு 4,800 வெள்ளிக்குப் போன கடை, இப்போது 4,200 என்கிறார். மூன்று ஆண்டு ஒப்பந்தம், மூன்று மாத வாடகை முன்பணம். நம்ம ஊர் மளிகை, காய்கறி, பூசைச் சாமான், இட்லி மாவு போடலாம் என்று யோசனை.

கையில் 90,000 வெள்ளி இருக்கிறது. கடன் வாங்கிய பணம் இல்லை. மனைவி முழுநேரமும் கடையைப் பார்ப்பார், நான் வேலையை விடப்போவதில்லை. இருவரும் குடிமக்கள்.

ஆட்குறைப்புச் செய்திகள் வரும் நேரத்தில் கடை திறப்பது சரியா என்று வீட்டில் ஆளுக்கு ஒன்று சொல்கிறார்கள். பொறுத்தால் வாடகை மறுபடி ஏறிவிடுமோ என்றும் தோன்றுகிறது. மாதம் எவ்வளவு ஓடினால் இந்த வாடகை தாங்கும், ஒப்பந்தத்தில் எதை விடாமல் கேட்க வேண்டும், மலிவு விலைக்கு ஆட்கள் போகும் மலேசியாவின் ஜொகூர் இவ்வளவு பக்கத்தில் இருக்கும்போது என்ன சரக்கு போடுவது? விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

கணக்குப்பிள்ளை:

முதலில் வாடகை 4,200 தானா என்று பாருங்கள். உரிமையாளர் ஜிஎஸ்டிக்கு (பொருள் சேவை வரி) பதிவு செய்தவராக இருந்தால் கடை வாடகையோடு 9 விழுக்காடு சேரும். 378 வெள்ளி கூடி 4,578 ஆகிவிடும். உங்கள் ஆண்டு விற்பனை ஒரு மில்லியன் வெள்ளியைத் தாண்டாதவரை நீங்கள் பதிவு செய்ய வேண்டியதில்லை. ஆனால் பதிவு செய்யாதவர் கட்டிய ஜிஎஸ்டி திரும்ப வராது. மூன்று ஆண்டில் அது மட்டும் 13,608 வெள்ளி. பேச்சில் 4,200 என்று சொல்லி, ஒப்பந்தத்தில் 'ஜிஎஸ்டி தனி' என்று ஒரு வரி இருப்பது வழக்கம்தான். அதனால் 4,578 என்றே கணக்குப் போடுகிறேன்.

காலை 7 முதல் இரவு 10 வரை திறந்தால் மாதம் 450 மணி நேரம் கடையில் ஆள் நிற்க வேண்டும். உங்கள் மனைவி 200 மணி நேரம் பார்த்தாலும், ஒரு முழுநேர ஊழியரும் வாரக் கடைசிக்கு ஒரு பகுதிநேர ஆளும் வேண்டும். முழுநேர ஊழியருக்குச் சம்பளம் 2,000, முதலாளி பங்கு மசேநி (மத்திய சேம நிதி) 17 விழுக்காடு 340, ஆக 2,340. பகுதிநேர ஆளுக்கு 900, அதற்கும் மசேநி 153, ஆக 1,053. பகுதிநேரம் என்றால் மசேநி இல்லை என்று பலர் நினைக்கிறார்கள். மாதச் சம்பளம் 50 வெள்ளியைத் தாண்டினாலே முதலாளி பங்கு உண்டு, 500ஐத் தாண்டினால் ஊழியர் பங்கும் பிடிக்க வேண்டும். மின்சாரம் 550. காப்புறுதி, இணையம், தொலைபேசி, நெட்ஸ் அட்டைக் கட்டணம், பை, துப்புரவு எல்லாம் சேர்த்து 480. மொத்தம் ஏறக்குறைய 9,000. மனைவி வீட்டுக்கு 3,000 எடுக்க வேண்டும் என்றால் 12,000.

வீணானது, திருடு போனது, தேதி முடிந்தது எல்லாம் கழித்து, கலவையாக 24 விழுக்காடு லாபம் நிற்கிறது என்று வைப்போம். மளிகைக்கு அது நல்ல கணக்கு, குறைந்த கணக்கு இல்லை. 12,000ஐ 0.24ஆல் வகுத்தால் மாதம் 50,000 வெள்ளி விற்க வேண்டும். ஒரு நாளைக்கு 1,667. ஒருவர் சராசரியாக 14 வெள்ளிக்கு வாங்கினால் தினமும் 119 பேர் கல்லாவுக்கு வர வேண்டும்.

மந்தம் எங்கே கடிக்கும் என்பது அடுத்த வரியில் தெரியும். விற்பனை 20 விழுக்காடு குறைந்து 40,000 ஆனால் கையில் நிற்பது 9,600, துண்டு 2,400. ஆனால் மந்தத்தில் விற்பனை மட்டும் குறைவதில்லை. மக்கள் மலிவான பொட்டலத்துக்கு மாறுவார்கள், நீங்களும் பேரங்காடிக்கு ஈடாக விலையைத் தட்டுவீர்கள், லாபம் 24லிருந்து 22க்கு இறங்கும். அப்போது நிற்பது 8,800. மனைவி எடுக்க நினைத்த 3,000 முழுக்கப் போய், மேலும் 200 வெள்ளி உங்கள் சம்பளத்திலிருந்து கடைக்குப் போகும். இந்த நிலையில் உங்கள் வீடு எத்தனை மாதம் தாங்கும் என்பதை இருவரும் உட்கார்ந்து எழுதிப் பாருங்கள்.

90,000 போதுமா என்றால், இப்படிப் போகும்: முன்பணம் 12,600. முத்திரை வரி, 36 மாத மொத்த வாடகையில் 0.4 விழுக்காடு, 604 வெள்ளி 80 காசு. முதல் மாத வாடகை 4,578. அலமாரி, குளிர்பெட்டி, மின்வேலை, பெயர்ப்பலகை 22,000. முதல் சரக்கு 28,000. கடையைக் காலி செய்யும்போது பழைய நிலைக்குத் திருப்பித்தர 5,000 இப்போதே ஒதுக்க வேண்டும். எல்லாம் 72,783. மீதி 17,217. முதல் மாதங்களில் பாதி விற்பனைதான் நடக்கும் என்று எடுத்தால், 25,000க்கு 6,000 நிற்கும், செலவு 9,000. மாதம் 3,000 துண்டு, அதுவும் மனைவி ஒரு வெள்ளிகூட எடுக்காமல். ஐந்தரை மாதம் ஓடும். உங்கள் சம்பளத்தில் வீடு முழுவதும் நடக்கும் என்றால் 90,000 இழுத்துப் பிடித்தால் போதும். இல்லையென்றால் போதாது.

பதிவைப் பொறுத்தவரை மனைவி பெயரில் தனி உரிமையாளராக அக்ராவில் (தொழில் பதிவு ஆணையம்) பதிய 115 வெள்ளி, தனியார் நிறுவனம் என்றால் 315. தனி உரிமையாளராகப் பதியும் முன் அவருடைய மெடிசேவ் (மருத்துவச் சேமிப்பு) பாக்கி இருந்தால் அடைத்துவிடுங்கள், இல்லையேல் பதிவு நிற்கும். நிறுவனம் வைத்தால் சொந்தச் சொத்து தப்பும் என்பார்கள். சப்ளையர் கடனுக்கு அது ஓரளவு உண்மை. ஆனால் சின்னக் கடைக்கு உரிமையாளர் பெரும்பாலும் சொந்த உத்தரவாதக் கையெழுத்து கேட்பார். அதைப் போட்டுவிட்டால் வாடகை விஷயத்தில் நிறுவனம் இருந்தும் பயன் இல்லை. நிறுவனத்துக்கு ஆறு மாதத்துக்குள் செயலாளர் நியமிக்க வேண்டும், ஆண்டறிக்கை தாக்கல் செய்ய வேண்டும், அந்தச் செலவையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

சாவிக்கொத்து:

கணக்குப்பிள்ளை சொன்ன எண்களோடு இன்னொரு எண்ணையும் வையுங்கள், என் பார்வையில் முடிவே அதில்தான் இருக்கிறது. கடை ஓடவில்லை, 14ஆம் மாதம் மூடுகிறீர்கள். ஒப்பந்தத்தில் இடையில் விலகும் விதி இல்லை. பாக்கி 22 மாதம். 22 பெருக்கல் 4,578, அதாவது 1,00,716 வெள்ளி. நீங்கள் போட்ட முதலைவிடப் பெரிய தொகை. வேறு ஆள் வந்தால் அந்தப் பொறுப்பு குறையும், ஆனால் மந்தத்தில் ஆள் வருவதுதான் தாமதம். இந்தக் கடையே நாலு மாதமாகக் காலி என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள்.

அதே ஒப்பந்தத்தில், '12 மாதம் முடிந்த பின் வாடகைதாரர் மூன்று மாத முன்னறிவிப்பு கொடுத்து விலகலாம்' என்று ஒரு விதி இருந்தால் உங்கள் பொறுப்பு 13,734 வெள்ளியில் நின்றுவிடும். வித்தியாசம் கிட்டத்தட்ட 87,000. ஆகவே வாடகையை 4,200லிருந்து 3,900க்கு இறக்க மல்லுக்கட்டாதீர்கள். 300 வெள்ளி 36 மாதத்துக்கு 10,800தான். கேட்ட வாடகையைக் கொடுத்து, விலகும் விதியை வாங்குங்கள். காலியாகக் கிடக்கும் கடை உரிமையாளரிடம் இதைக் கேட்க மந்தமான நேரம்தான் வாய்ப்பு. நல்ல நேரத்தில் பத்துப் பேர் வரிசையில் நிற்பார்கள், ஒருவரும் இந்த விதியைக் கொடுக்க மாட்டார்.

உரிமையாளர் ஒரேயடியாக மறுத்தால் இரண்டாவது வழி கேளுங்கள்: ஓராண்டு ஒப்பந்தம், அதற்குமேல் இரண்டு ஆண்டு நீட்டிக்கும் உரிமை உங்களுக்கு. நீட்டிப்பின் வாடகை 'அப்போதைய சந்தை விலை' என்று எழுதினால் கையெழுத்துப் போடாதீர்கள். '5 விழுக்காட்டுக்கு மேல் உயராது' என்பது போல எண் இருக்க வேண்டும். 2009இல் பொருளாதாரம் கிட்டத்தட்ட வளரவே இல்லை, 2010இல் 14 விழுக்காட்டுக்கு மேல் வளர்ந்தது. மந்தம் முடிவது ஒப்பந்த காலத்துக்குள்ளேயே நடக்கலாம். அப்போது ஓடிக்கொண்டிருக்கும் கடையைப் புதுப்பிக்கும் நேரத்தில்தான் வாடகை அடி விழும்.

சில்லறைக் கடைக் குத்தகைகளுக்கு ஒரு சட்டம் 2024 பிப்ரவரி 1 முதல் நடப்பில் இருக்கிறது, தெரியாமல் போய் உட்காராதீர்கள். ஓராண்டுக்கு மேற்பட்ட குத்தகைகளுக்கு அதன் நடத்தை விதிமுறை பொருந்தும். 5,000 சதுர அடிக்குள், மூன்று ஆண்டுக்குள் என்றால் முன்பணம் மூன்று மாத வாடகைக்கு மேல் போகக் கூடாது. விதிமுறையிலிருந்து விலகும் அம்சம் இருந்தால் இரு தரப்பும் ஒத்துக்கொண்டு கையெழுத்தான 14 நாளுக்குள் அறிவிக்க வேண்டும். தகராறு என்றால் சிங்கப்பூர் சமரச நிலையம் வழியாகப் பேச வழி உண்டு. ஓராண்டு ஒப்பந்தம் போட்டால் இந்தப் பாதுகாப்பு கிடைக்காது, அதையும் எடைபோட்டுக்கொள்ளுங்கள்.

வாடகை இல்லாத காலமும் கேளுங்கள். அலமாரி போட்டு, மின்வேலை முடித்து, சரக்கு இறக்க ஆறு வாரம் ஆகும். நாலு மாதம் காலியாக இருந்த கடைக்கு ஆறு வாரம் கொடுப்பதில் உரிமையாளருக்கு நட்டமில்லை. ஆறு வாரம் என்பது உங்கள் கணக்கில் 6,000 வெள்ளிக்கு மேல்.

கடைசியாக, அந்தக் கடையின் அனுமதிக்கப்பட்ட தொழில் என்ன என்பதை எழுத்தில் வாங்குங்கள். முன்பு முடிதிருத்தும் கடையாக இருந்த இடத்தில் மளிகை போட அனுமதி மாற்ற வேண்டியிருந்தால், அது கிடைக்கும்வரை வாடகை ஓடக் கூடாது என்று ஒப்பந்தத்தில் இருக்க வேண்டும். சாவி வாங்கும் நாளில் தரை, கூரை, மின்பெட்டி, தண்ணீர்க் குழாய், இரும்புக் கதவு எல்லாவற்றையும் தேதியோடு படம் எடுத்து உரிமையாளருக்கு மின்னஞ்சலில் அனுப்பிவிடுங்கள். முன்பணத்தைத் திரும்ப வாங்கும் நாளில் 'பழைய நிலை' எது என்பதற்கு அதுதான் சாட்சி.

ஈரச்சந்தை:

வடக்குவாசி தம்பி, சரக்கைப் பற்றிக் கேட்டீர்கள். அதற்கு முன் வாடிக்கையாளரை எண்ணுங்கள். லிட்டில் இந்தியாவின் தேக்காவில் கடை வைப்பவருக்குத் தீவு முழுக்க இருந்து ஆள் வரும். புளோக்குக்குக் கீழே கடை வைப்பவருக்குச் சுற்றியுள்ள வீடுதான். வீவக பேட்டைகளில் 1989இலிருந்து இன ஒருங்கிணைப்புக் கொள்கை இருக்கிறது. இந்தியர், மற்றவர் இருவருக்கும் சேர்த்து ஒரு வட்டாரத்தில் 12 விழுக்காடு, ஒரு புளோக்கில் 15 விழுக்காடு வரம்பு. நடந்து வரும் தூரத்தில் 12 புளோக், புளோக்குக்கு 110 வீடு என்று பாருங்கள். 1,320 வீடு. அதில் 12 விழுக்காடு 158 வீடு. பாதிப் பேர் உங்களிடம் மாதம் 250 வெள்ளிக்கு வாங்கினால்கூட 19,750. உங்களுக்கு வேண்டியது 50,000. வீட்டை வாடகைக்கு எடுத்துத் தங்கும் நம்ம ஊர்க்காரர்கள் இந்தக் கணக்கில் இல்லை, அவர்கள் கொஞ்சம் கூட்டுவார்கள். அப்படியும் பாதி எட்டாது.

ஆக, 'இந்திய மளிகை' என்று மட்டும் பெயர் போட்டால் கடை நிற்காது. முட்டை, ரொட்டி, பால், பானம், மீ (நூடுல்ஸ்), ஐஸ்கிரீம், பேட்டரி, குப்பைப் பை எல்லாம் வேண்டும். மலாய்க் குடும்பங்கள் மசாலாத் தூள், தேங்காய்ப் பால், நெய், வாழையிலை வாங்குவார்கள். பொட்டலத்தில் ஹலால் முத்திரை இருக்கிறதா என்று பார்த்துத்தான் எடுப்பார்கள், முத்திரை உள்ள பிராண்டையே போடுங்கள். சீனக் குடும்பங்கள் உறைந்த பரோட்டா, பருப்பு, மஞ்சள்தூள் எடுப்பார்கள். கடையின் முன்வரிசை எல்லாருக்கும், பின்வரிசை நமக்கு என்று அடுக்குங்கள்.

ஜொகூர் எதை எடுத்துக்கொண்டு போகும் என்றால், காரில் ஏற்றக்கூடிய கனமான, கெடாத சாமான்: எண்ணெய், சலவைத் தூள், குழந்தை டயாப்பர், பிஸ்கட், மைலோ. அதில் உங்களால் போட்டி போட முடியாது, பேரங்காடியாலேயே முடியவில்லை. உட்லண்ட்ஸ் நார்த்துக்கும் ஜொகூரின் புக்கிட் சாகாருக்கும் இடையில் 2026 இறுதிவாக்கில் என்று திட்டமிட்ட, எல்லை கடக்கும் ஆர்டிஎஸ் ரயில் ஐந்து நிமிடத்தில் அக்கரை சேர்த்துவிடும், மணிக்கு ஒரு திசையில் 10,000 பேர். உங்கள் மூன்றாண்டு ஒப்பந்தத்துக்குள் வரும் விஷயம் இது. அந்தச் சாமான்களை ஒரு வரிசைக்கு மேல் வைக்காதீர்கள். ஜொகூர் தொட முடியாதது, சாயங்காலம் ஆறு மணிக்கு அடுப்பைப் பற்றவைத்தபின் இல்லை என்று தெரியும் பொருள். கறிவேப்பிலை, கொத்தமல்லி, பச்சை மிளகாய், தயிர், மாவு, ஒரு முழம் பூ, வெற்றிலை, கற்பூரம். லாபமும் அதில்தான்.

ஆனால் வீணாவதும் அதில்தான். சின்ன வெங்காயத்தை எடுங்கள். 10 கிலோ மூட்டை 30 வெள்ளி, கிலோ 4.20க்கு விற்றால் 29 விழுக்காடு லாபம் போலத் தெரியும். நம்ம ஈரக்காற்றில் மூட்டையின் நடுவில் இருப்பது வேர்க்கும், முளைவிடும், சருகு உதிரும். விற்கக் கிடைப்பது எட்டரைக் கிலோ. அப்போது கிலோவின் அடக்கம் 3.53, லாபம் 16 விழுக்காடு. மூட்டை வந்த உடனே அவிழ்த்து, ஓட்டை உள்ள தட்டில் ஒரு கை உயரத்துக்கு மேல் போகாமல் பரப்பி, மின்விசிறி படும் இடத்தில் வையுங்கள். உருளைக்கிழங்கோடு சேர்த்து வைக்காதீர்கள், இரண்டும் சீக்கிரம் முளைக்கும். கறிவேப்பிலையைக் கழுவாமல், ஈரம் துடைத்து, காகிதத்தில் சுற்றிக் குளிர்பெட்டியில் வைத்தால் நாலைந்து நாள் நிற்கும். கழுவி வைத்தால் மறுநாளே கறுக்கும். ரவை, கடலை மாவு, பாசிப்பருப்பு மூன்றிலும் வண்டு விழும். சிறு பொட்டலமாக வாங்கி, பழையது முன்னால் புதியது பின்னால் அடுக்குங்கள். மூட்டை எதையும் தரையில் வைக்காதீர்கள், எலி அங்கிருந்துதான் தொடங்கும்.

காய்கறிக்குப் பாசிர் பாஞ்சாங் மொத்தச் சந்தைக்கு விடியுமுன் போக வேண்டும். உங்களால் போக முடியாது என்றால் கொண்டுவந்து கொடுப்பவரிடம் வாங்குங்கள், கிலோவுக்குச் சில காசு கூடும், தூக்கம் மிச்சம். ஒரே சப்ளையரை நம்பாதீர்கள். 2023 ஜூலையில் இந்தியா பாஸ்மதி அல்லாத வெள்ளை அரிசி ஏற்றுமதியை நிறுத்தியது. அந்த டிசம்பரில் வெங்காயத்தையும் நிறுத்தி 2024 மே தொடக்கத்தில்தான் திறந்தது. அந்த மாதிரி நேரத்தில் சப்ளையர் பழைய கடைக்குத்தான் முதலில் கொடுப்பார்.

இட்லி மாவை வீட்டில் அரைத்துக் கடையில் வைக்கலாம் என்று நினைத்திருந்தால் வேண்டாம். வீட்டில் சமைத்து நேரடியாக விற்பது வேறு, கடைக்கு அனுப்புவது வேறு, இரண்டாவதற்கு அனுமதி இல்லை. உரிமம் பெற்ற மாவு தயாரிப்பாளரிடம் வாங்கி, விற்காததைத் திருப்பி எடுத்துக்கொள்ளும் ஏற்பாடு பேசுங்கள். மாவில் லாபத்தைவிட அந்த ஏற்பாடுதான் முக்கியம், மழை பெய்யும் சனிக்கிழமையில் இருபது பொட்டலம் அப்படியே புளித்து நிற்கும். ஊரிலிருந்து பெட்டியில் வந்த அப்பளம், ஊறுகாயையும் விற்கக் கூடாது. மெல்லும் புகையிலை இங்கே தடை, யார் கேட்டாலும் வைக்காதீர்கள்.

வடக்குவாசி:

கணக்குப்பிள்ளை ஐயா, சாவிக்கொத்து அண்ணே, ஈரச்சந்தை அக்கா, மூவருக்கும் நன்றி. 12 விழுக்காட்டுக் கணக்கை நாங்கள் யோசிக்கவே இல்லை. நேற்று உரிமையாளரிடம் பேசினேன். 12 மாதத்துக்குப் பின் விலகும் விதியைத் தரலாம், ஆனால் நாலு மாத முன்னறிவிப்பு வேண்டும் என்கிறார். ஜிஎஸ்டி உண்டு. பழைய வாடகைதாரர் விட்டுப்போன அலமாரி, இரண்டு கதவுக் குளிர்பெட்டி மூன்று, உறைபெட்டி ஒன்று எல்லாம் சேர்த்து 8,000க்கு எடுத்துக்கொள்ளச் சொல்கிறார். எடுக்கலாமா? ஊரிலிருந்து மனைவியின் உறவுக்காரப் பையனை வேலை அனுமதியில் கடைக்கு எடுக்க முடியுமா? எந்த மாதம் திறப்பது நல்லது?

கணக்குப்பிள்ளை:

பையனை எடுக்க முடியாது. சேவைத் துறையில் வேலை அனுமதிக்கு மலேசியா, சீனா, ஹாங்காங், மக்காவ், தென்கொரியா, தைவான் ஆட்கள்தான். இந்தியாவிலிருந்து சில குறிப்பிட்ட வேலைகளுக்கு மட்டும் திறந்திருக்கிறார்கள், உணவகச் சமையல்காரர் அதில் உண்டு, கடை உதவியாளர் இல்லை. மலேசியர் ஒருவரை எடுக்கவும் ஒதுக்கீடு வேண்டும். மொத்த ஆளில் 35 விழுக்காடு என்பதால் ஒரு வெளிநாட்டவருக்கு இரண்டு முழுநேர உள்ளூர் ஊழியர் தேவை. 2024 ஜூலையில் வந்த விதிப்படி ஒருவர் முழுதாகக் கணக்கில் வர மாதம் 1,600 வெள்ளி சம்பளம் வேண்டியிருந்தது, பாதிக் கணக்குக்கு 800. இப்போதைய அளவைக் கேட்டுக்கொள்ளுங்கள். தனி உரிமையாளர் தன்னையே ஊழியராகக் காட்ட முடியாது. பேருக்கு ஒருவரைச் சேர்த்து மசேநி மட்டும் கட்டும் வேலை வேண்டவே வேண்டாம், அது குற்றம். ஒரு வெளிநாட்டவரை எடுத்தாலும் சில்லறைத் துறையின் படிப்படியான சம்பள முறை (வேலைக்கேற்ற குறைந்தபட்சச் சம்பளம்) உங்கள் உள்ளூர் ஊழியர்களுக்குப் பொருந்தும் என்பதையும் சேர்த்துப் பாருங்கள். உள்ளூர் ஆட்களோடு தொடங்குவதுதான் உங்கள் அளவுக்குச் சரி.

கல்லா இயந்திரம் வாங்கும் முன் அரசாங்கத்தின் உற்பத்தித்திறன் தீர்வு மானியத்துக்கு விண்ணப்பியுங்கள். பணம் கட்டிவிட்டோ ஒப்பந்தம் போட்டுவிட்டோ கேட்டால் கிடைக்காது. சிங்கப்பூர் இந்தியர் வர்த்தகத் தொழிற்சபை நடத்தும் சிறு நிறுவன நிலையத்தில் ஆலோசகர் உண்டு, கட்டணம் இல்லை, இந்த எண்களை எடுத்துக்கொண்டு போங்கள். அரசாங்கம் வீடுகளுக்குக் கொடுக்கும் சிடிசி பற்றுச்சீட்டைக் கடையில் ஏற்கவும் முதல் மாதத்திலேயே பதியுங்கள். பற்றுச்சீட்டில் ஒரு பாதி உணவங்காடி, அக்கம்பக்கக் கடைகளுக்கு என்று ஒதுக்குவதால் பேரங்காடிக்குப் போகும் ஆள்கூட அதைச் செலவழிக்க உங்கள் பக்கம் வருவார். வரும் ஆண்டுகளிலும் கொடுப்பார்கள் என்று எண்ணி வரவில் எழுதிவிடாதீர்கள்.

குளிர்பெட்டி:

குளிர்பெட்டியைப் பற்றி மட்டும் சொல்கிறேன். மந்தத்தில் மூடும் கடைகள் அதிகம், பழைய பெட்டிகள் மலிவாகக் கிடைக்கும். 8,000 பேரம் பேச வேண்டிய விலை. நாலு மாதம் அணைத்துக் கதவு மூடிக் கிடந்தால் உள்ளே பூஞ்சை பிடித்திருக்கும், ரப்பர் விளிம்பு காய்ந்திருக்கும். கதவு இடுக்கில் இரண்டு வெள்ளி நோட்டை வைத்து மூடி இழுத்துப் பாருங்கள். தடையில்லாமல் வந்தால் ரப்பர் போய்விட்டது, குளிர் கசியும், மின்கட்டணம் ஏறும். 24 மணி நேரம் காலியாக ஓடவிட்டு, தனி வெப்பமானியால் அளந்து பாருங்கள். குளிர்பெட்டி 4 பாகைக்குள், உறைபெட்டி கழித்தல் 18. பெட்டியின் சொந்தக் காட்சித்திரையை நம்பாதீர்கள். கம்ப்ரசர் நிற்காமல் ஓடிக்கொண்டே இருந்தால் வாயு குறைவு அல்லது பின்பக்கச் சுருளில் தூசு. தூசு என்றால் தூரிகையால் தீரும், வாயு என்றால் விடுங்கள்.

ஒரு யூனிட் 30 காசு என்று வைத்தால், ஒரு நாளைக்கு 8 யூனிட் எடுக்கும் பெட்டிக்கு மாதம் 72 வெள்ளி, நாலுக்கு 288. குளிர்சாதனம் 12 மணி நேரம் ஓடினால் 160 சொச்சம். விளக்கு, மற்றதெல்லாம் 100. கணக்குப்பிள்ளை போட்ட 550 இதுதான், ரப்பர் கெட்ட பெட்டி நாலு வைத்தால் அது தாண்டிப் போகும். கடையின் மின்பெட்டி ஒற்றைப் பேஸா மூன்று பேஸா, முதன்மை சுவிட்ச் எத்தனை ஆம்பியர் என்று கையெழுத்துக்கு முன்பே உரிமம் பெற்ற மின் ஊழியரை அழைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். மின்தடை வந்து திரும்பும்போது நாலு கம்ப்ரசரும் ஒரே நேரத்தில் கிளம்பினால் சுவிட்ச் விழும். இரவு விழுந்தால் காலைவரை யாருக்கும் தெரியாது, பாலும் தயிரும் போய்விடும். பெட்டிகளை வேறுவேறு இணைப்பில் பிரித்துப் போடச் சொல்லுங்கள்.

பழைய சாமானை எடுத்தால், போகும்போது அதைக் கழற்றும் பொறுப்பும் உங்களுக்கு வரும். கூரைப் பலகை, தடுப்புச் சுவர் எல்லாம் அதில் சேருமா என்று சாவிக்கொத்திடம் கேட்டு எழுதிவாங்குங்கள்.

சாவிக்கொத்து:

சேரும், எழுதாவிட்டால். 'இணைப்பில் உள்ள படங்களில் காணும் நிலையிலேயே திருப்பித் தரப்படும், முந்தைய வாடகைதாரரின் அமைப்புகளை அகற்றும் பொறுப்பு இல்லை' என்று ஒரு வரி போடுங்கள்.

நாலு மாத முன்னறிவிப்பு பரவாயில்லை, 18,312 வெள்ளிதான். ஆனால் 'முன்னறிவிப்பும் கொடுத்து முன்பணமும் பறிபோகும்' என்று உரிமையாளர் சேர்த்தால் அது இரட்டை அடி. இரண்டில் ஒன்றுதான் என்று நில்லுங்கள். முன்னறிவிப்பை 8ஆம் மாதமே கொடுத்து 12ஆம் மாதம் வெளியேறலாமா, அல்லது 12ஆம் மாதத்துக்குப் பிறகுதான் கொடுக்க முடியுமா என்பதும் தெளிவாக இருக்க வேண்டும். இரண்டுக்கும் நடுவில் நாலு மாத வாடகை இருக்கிறது. விலகும் விதி உரிமையாளருக்கும் உண்டு என்று எழுதினால் ஒத்துக்கொள்ளாதீர்கள், சந்தை ஏறியதும் உங்களைத்தான் முதலில் அனுப்புவார்.

விதி இந்த வடிவில் கிடைத்தால் எடுக்கலாம் என்பது என் கருத்து. கிடைக்காவிட்டால் இந்தக் கடை வேண்டாம், வேறு காலிக் கடை வரும். வீவகவே வாடகைக்கு விடும் கடைகளை அதன் இணையத்தளத்தில் பார்த்துக்கொண்டிருங்கள்.

ஈரச்சந்தை:

எந்த மாதம் என்று கேட்டீர்களே. தீபாவளிக்கு மூன்று வாரம் முன்னால் திறந்தால் கல்லா நிறையும், ஆனால் அந்த எண்ணை வைத்துச் சரக்கு போட்டால் டிசம்பரில் மாட்டிக்கொள்வீர்கள். ஜூன், டிசம்பர் பள்ளி விடுமுறையில் நம்ம குடும்பங்கள் பாதி ஊருக்குப் போய்விடும். பிப்ரவரி அல்லது மார்ச்சில், பொங்கல் முடிந்தபின் சாதாரண நாளில் திறந்தால் உண்மையான விற்பனை தெரியும், தீபாவளிக்குள் எந்தச் சரக்கு ஓடுகிறது என்றும் புரிந்திருக்கும். முதல் சரக்கை 28,000க்குப் பதில் 20,000க்கு இறக்குங்கள், மீதியை வாடிக்கையாளர் கேட்பதை எழுதிவைத்து வாங்குங்கள்.

கையெழுத்துக்கு முன் மனைவியை அந்த புளோக்குக் கீழே உட்காரச் சொல்லுங்கள். வேலை நாளில் மாலை 6 முதல் எட்டரை, சனிக்கிழமை காலை 8 முதல் 11, ஞாயிறு மாலை. நடந்து போகிறவர்களை எண்ண வேண்டாம், கையில் பையோடு போகிறவர்களை எண்ணட்டும். எந்தப் பை, பேரங்காடிப் பையா பக்கத்துக் கடைப் பையா, எந்தத் திசையிலிருந்து வருகிறார்கள் என்று குறித்துக்கொள்ளட்டும். பேருந்து நிறுத்தத்திலிருந்து மின்தூக்கிக்குப் போகும் வழியில் உங்கள் கடை வாசல் இருக்கிறதா, அல்லது புளோக்கின் பின்பக்கம் இருக்கிறதா? பின்பக்கம் என்றால் 4,200 அதிகம்.

தராசு வாங்கும்போது துல்லிய முத்திரை ஒட்டியிருக்கிறதா பாருங்கள், முத்திரை இல்லாத தராசில் எடைபோட்டு விற்கக் கூடாது. இணையத்தில் மலிவாக வரும் தராசுகளில் பெரும்பாலும் அது இருக்காது.